உப்புக்காற்றில் அலுமினிய லேப்டாப்: பாடிக்கு மட்டும் ஒரு ரிவ்யூ

லேப்டாப் ரிவ்யூ எழுதுகிறவர்கள் ப்ராசசர், பேட்டரி, திரை என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, பாடியைப் பற்றி "பிரீமியம் மெட்டல் ஃபினிஷ்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தூத்துக்குடியில் இருக்கிற எனக்கு அந்த ஒரு வரி போதாது. ப்ராசசர் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் ஓடும், பாடி அப்படி இல்லை. இங்கே ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். ஜன்னல் கம்பி, கேட்டின் கீல், சைக்கிள் செயின், மொட்டை மாடியில் இருக்கிற ஏசி அவுட்டோர் யூனிட் என்று எந்த உலோகத்தையும் இந்தக் காற்று சும்மா விடாது. நிறையப் பணம் போட்டு வாங்குகிற ஒரு சாதனம் இந்தக் காற்றில் எப்படி நிற்கிறது என்பதை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், தமிழில் எதுவும் கண்ணில் படவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் புழங்குகிற மூன்று பொருட்களை வைத்துத்தான் பேசப்போகிறேன். ஒன்று, நான் சில வருஷங்களாக தினமும் வேலை பார்க்கிற அடர் சாம்பல் நிற அலுமினிய லேப்டாப், அனோடைஸ் செய்தது, அதாவது மின்சாரம் கொடுத்து உலோகத்தின் மேலேயே ஆக்சைடு படலம் வளர்த்தது. இரண்டாவது, அண்ணனுடைய லேப்டாப், பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் உலோக மூடியின் மேல் இருப்பது பெயின்ட். மூன்றாவது, வெள்ளி நிற டேப்லெட் ஒன்று. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, ஏனென்றால் ஒரே கம்பெனியே ஒரு மாடலுக்கு அனோடைசிங்கும் அடுத்த மாடலுக்குப் பெயின்ட்டும் கொடுக்கிறது. இங்கே சொல்லப்போவது எல்லாமே மேலே இருக்கிற படலத்தைப் பொறுத்த விஷயம்.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனோடைஸ் செய்த லேப்டாப் கடலோரத்துக்குத் தாராளமாக வாங்கலாம், ஆனால் அடர் நிறத்தில் வேண்டாம். பெயின்ட் அடித்த உலோக பாடியை இந்த மாதிரி ஊரில் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன், அதைவிட நல்ல பிளாஸ்டிக் பாடி மேல். வெள்ளி நிற டேப்லெட்டைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை.

சரி, காரணத்துக்கு வருவோம்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் அது இரும்பைவிட வேகமாக ஆக்சிஜனோடு சேர்கிற உலோகம். அறுத்த அலுமினியத்தின் மேல் காற்று பட்ட கணத்திலேயே ஒரு ஆக்சைடு படலம் உருவாகிவிடும், 2 முதல் 4 நானோமீட்டர் தடிமன்தான் இருக்கும் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). ஆனால் அந்தப் படலம் அடியில் இருக்கிற உலோகத்தோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது, இடைவெளி விடுவதில்லை, அதனால் அதற்குமேல் ஆக்சிஜன் உள்ளே போக முடியாமல் வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. இரும்புத் துருவின் கதை வேறு. அது இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், அதனால் செதில் செதிலாகப் பெயர்ந்து உதிரும், புது இரும்பு வெளியே தெரியும், மறுபடி துரு. அலுமினிய ஆக்சைடு தான் உருவான உலோகத்தைவிட சுமார் 1.3 மடங்குதான் இடம் எடுக்கிறது, மூடுவதற்குப் போதும், பெயர்ந்து விழும் அளவுக்குப் பெரிதில்லை. கீறினாலும் கீறிய இடத்தில் உடனே புதிதாக வளர்ந்துகொள்ளும். சமையலறையில் பாத்திரமாகவும் வானத்தில் விமானமாகவும் அலுமினியம் தாக்குப்பிடிப்பது இந்தப் படலத்தால்தான்.

ஆனால் இதற்கு இரண்டு பலவீனம் உண்டு, இரண்டுமே நம் ஊருக்கும் நம் கைக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. முதலாவது, பிஎச் அளவு சுமார் 4-க்கும் 8.5-க்கும் நடுவில் இருந்தால்தான் இந்தப் படலம் நிலையாக இருக்கும். அதைத் தாண்டி அமிலம் ஆனாலும் சரி, காரம் ஆனாலும் சரி, கரைய ஆரம்பிக்கும். இரண்டாவது குளோரைடு, அதாவது உப்பு. படலத்தில் எங்கே ஒரு சின்ன குறை இருக்கிறதோ, கலப்பு உலோகத்தில் இரும்போ செம்போ ஒரு துகளாக எங்கே மேலே எட்டிப் பார்க்கிறதோ, அங்கே குளோரைடு புகுந்து படலம் மறுபடி மூடவிடாமல் செய்கிறது. அப்போது மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராகத் தேயாது, ஊசி குத்தினது போல சின்னச் சின்ன குழிகள் விழும், குழிக்குள்ளே அமிலத்தன்மை ஏறிக்கொண்டே போகும், வாயில் வெள்ளைப் பொடி கட்டும். மனித வியர்வையில் உப்பும் இருக்கிறது, லாக்டிக் அமிலமும் இருக்கிறது. கடல் பக்கமே போகாத கோயம்புத்தூர்க்காரர் லேப்டாப்பில்கூட உள்ளங்கை வைக்கிற இடத்தில் புள்ளிக் குழிகள் விழுவதற்கு அதுதான் காரணம்.

அதனால்தான் இயற்கையாக வரும் அந்த நானோமீட்டர் படலத்தை நம்பி யாரும் சாதனம் செய்வதில்லை, வேண்டுமென்றே அதைத் தடிமனாக வளர்க்கிறார்கள். அதற்குப் பெயர்தான் அனோடைசிங். அலுமினிய பாகத்தைக் கந்தக அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு, நேர்மின்முனையாக இணைத்து, 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் 12 முதல் 18 வோல்ட் வரை மின்சாரம் கொடுத்தால், ஆக்சைடு மேலும் மேலும் வளரும். வளர்வதில் ஏறக்குறைய பாதி உலோகத்துக்குள்ளே, பாதி வெளியே. அப்படி வளரும் படலம் முழுக்க நுண்துளைகள், செங்குத்தான குழாய்களாக நெருக்கி அடுக்கியது போல இருக்கும், ஒவ்வொன்றும் நானோமீட்டர் கணக்கில். அந்தத் துளைகளுக்குள்தான் சாயம் ஏற்றுகிறார்கள். நம் லேப்டாப்பின் சாம்பல், நீலம், பொன்னிறம் எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கிற சாயம்தான். கடைசியாகக் கொதிக்கும் நிலைக்குப் பக்கத்தில் இருக்கிற சுத்தமான தண்ணீரில் வைத்தால் ஆக்சைடு நீரை உறிஞ்சி உப்பி, துளைகளின் வாயை மூடிக்கொள்ளும். இதைத்தான் சீலிங் என்கிறார்கள். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்கு 2, 3 நிமிஷம் வரை வைக்க வேண்டும் என்பது பழைய கணக்கு.

இந்த சீலிங்தான் என்னைப் பொறுத்தவரை முழு விஷயத்தின் உயிர். கடையில் பார்க்கும்போது நன்றாக சீல் செய்ததும் அரைகுறையாகச் செய்ததும் ஒரே மாதிரி மினுங்கும். வித்தியாசம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்: சரியாக மூடாத துளைக்குள் எண்ணெய், வியர்வை, உப்பு எல்லாம் இறங்கும், துடைத்தாலும் போகாத கறை வரும், நிறம் வெளுக்கும், அரிப்புக்கு வழி திறந்துவிடும். 2023-இல் வந்த மேக்புக் ப்ரோவின் கறுப்பு நிறத்துக்கு, விரல்ரேகை குறைவாகத் தெரியும்படி தனியாக ஒரு அனோடைசேஷன் சீல் கொடுத்திருப்பதாக ஆப்பிள் விளம்பரப்படுத்தியது. வாங்குகிறவர்கள் காதில் இந்த வார்த்தை விழுந்ததே நல்லது. மற்ற கம்பெனிகளும் ப்ராசசரின் கிகாஹெர்ட்ஸ் எழுதுகிற அட்டையில் படலம் எத்தனை மைக்ரான், எப்படி சீல் செய்தது என்று ஒரு வரி எழுதினால் கடலோர ஊர்க்காரர்களுக்குப் பெரிய உபகாரம்.

இந்தத் தொழிலே கடலுக்காகப் பிறந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். பெரிய அளவில் முதன்முதலாக அனோடைசிங் பயன்படுத்தப்பட்டது 1923-இல், இங்கிலாந்தில், கடலில் இறங்கி ஏறும் விமானங்களின் டூராலுமின் (செம்பு கலந்த அலுமினியக் கலவை) பாகங்களை உப்புநீரிலிருந்து காப்பாற்றுவதற்காக. அப்போது குரோமிக் அமிலம். கந்தக அமில முறை 1927-இல் காப்புரிமை பெற்றது, இன்றைக்கு நம் கையில் இருக்கும் ஃபோன், லேப்டாப்களுக்குச் செய்வது அந்த வழிதான். நமக்குப் பக்கத்திலேயே காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்தது. உலோக அரிப்பு அவர்களுடைய முக்கியமான ஆராய்ச்சித் துறைகளில் ஒன்று. நம் கடற்கரையின் உப்புக்காற்று உலோகத்தை என்ன செய்யும் என்பது இந்த மண்ணிலேயே உட்கார்ந்து ஆராயப்பட்ட விஷயம், ஆனால் லேப்டாப் வாங்கப் போகிற நம்மிடம் அதில் ஒரு வரிகூட வந்து சேர்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இனி என் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததைச் சொல்கிறேன்.

மூடியின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டும் வாங்கிய நாளில் இருந்தது போலத்தான் இருக்கின்றன. பின்னால் சொல்லப்போகிற ஒரு ஸ்க்ரூ ஓரத்தைத் தவிர, இவ்வளவு உப்புக்காற்றிலும் ஒரு புள்ளி இல்லை. உள்ளங்கை வைக்கிற இடத்தில் கொஞ்சம் பளபளப்பு ஏறியிருக்கிறது, குழி எதுவும் இல்லை. இதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன், ஏனென்றால் ஏசி இல்லாத அறையில், சித்திரை வெயிலில், மணிக்கட்டு வியர்வையில் ஊறிக்கிடந்த இடம் அது.

விளிம்புதான் பலவீனம். முன்பக்கத்தில் மணிக்கட்டு உரசுகிற விளிம்பிலும், யூஎஸ்பி-சி துளையின் உதட்டிலும் சாம்பல் நிறம் போய் வெள்ளி தெரிகிறது. இது புழக்கத்தில் தேய்ந்தது மட்டும் இல்லை, அனோடைசிங்கின் இயல்பிலேயே இருக்கிற விஷயம். ஆக்சைடு எப்போதும் மேற்பரப்புக்குச் செங்குத்தாகத்தான் வளரும். கூர்மையான மூலையில் இரண்டு பக்கத்துப் படலமும் இரண்டு திசையில் வளர்ந்து போய்விடுவதால் மூலை உச்சியில் பிளவு விழும், அங்கே படலம் ஒழுங்காக இருக்காது. விளிம்பை நன்றாக உருட்டி விட்டிருந்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. வடிவமைப்பவர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை, ஆனால் கூர்மையான விளிம்பு படத்தில் அழகாக இருக்கிறது என்று வைத்துவிடுகிறார்கள்.

இது இன்று நேற்றுப் பிரச்சினையும் இல்லை. 2012-இல் வந்த ஐஃபோன் 5-இன் கறுப்பு மாடலில் பளபளவென்று வெட்டிய விளிம்புகள் சீக்கிரம் கீறி வெள்ளி தெரிகிறது என்று உலகம் முழுக்கப் பேச்சாயிற்று. அப்போது ஆப்பிளின் மார்க்கெட்டிங் தலைவராக இருந்த ஃபில் ஷில்லர், அலுமினியப் பொருள் எதுவாக இருந்தாலும் புழங்கப் புழங்கக் கீறலாம், இயல்பான வெள்ளி நிறம் தெரியலாம், அது சாதாரணம் என்று வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதிய பதில் செய்திகளில் வந்தது. இரண்டு தலைமுறை டைட்டானியத்துக்குப் பிறகு 2025-இல் ஐஃபோன் 17 ப்ரோ அலுமினியத்துக்குத் திரும்பியபோதும், கேமரா மேட்டின் கூர்மையான விளிம்பில் கீறல் விழுகிறது என்றுதான் முதலில் பேசினார்கள். 13 வருஷம் கழித்தும் மூலை மூலையாகத்தான் இருக்கிறது.

சரி, நிறம் போன இடத்தில் அரிப்பு வருமா? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பதில் இடத்துக்கு இடம் மாறும். மணிக்கட்டு விளிம்பில் வெள்ளி தெரிந்து ரொம்ப நாளாகியும் அங்கே ஒரு பொடியோ குழியோ இல்லை. வெளியே தெரிகிற உலோகம் தன் இயற்கைப் படலத்தைத் தானே போட்டுக்கொண்டது, சுற்றிலும் இருக்கிற அனோடைஸ் படலம் மின்சாரம் கடத்தாது என்பதால் அது அரிப்பைத் தூண்டவும் இல்லை. ஆனால் அடிப்பக்கத்து ஸ்க்ரூ ஒன்றைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் தெரிந்தது. அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவும், அது உரசித் திறந்துவிட்ட அலுமினியமும், நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரியே உருவாகிவிடுகிறது, அதில் தேய்கிறது எப்போதும் அலுமினியம்தான். ஒரு கீறல் எவ்வளவு நீளம் என்பது முக்கியமில்லை, பக்கத்தில் வேறு உலோகம் தொடுகிறதா என்பதுதான் முக்கியம். ஏசி அவுட்டோர் யூனிட்டில் நடப்பதும் இதேதான்: செம்புக் குழாய், அதைக் கவ்விய மெல்லிய அலுமினியத் தகடுகள், உப்பு. இங்கே பல வீடுகளில் அந்தத் தகடுகள் கையால் தொட்டாலே பொடியாக உதிரும்.

படலம் எங்கே இருக்கிறது, எங்கே போய்விட்டது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, வெள்ளி நிறப் பொருளில் சுத்தமாகவே முடியாது. அதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். அலுமினிய ஆக்சைடு நல்ல மின்காப்பு. மீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, ஒரு முனையை உலோகம் தெரிகிற ஓர் இடத்தில் தொட்டுக்கொண்டு, இன்னொரு முனையின் பக்கவாட்டை அழுத்தாமல் மேற்பரப்பில் மெதுவாக வைத்துப் பாருங்கள், கூர்முனையால் குத்தினால் நீங்களே ஓட்டை போட்டுவிடுவீர்கள். படலம் நன்றாக இருக்கிற இடத்தில் மீட்டர் வாயே திறக்காது. தேய்ந்த இடத்தில் பீப் கேட்கும். என் லேப்டாப்பில் துளை உதடுகளும் முன் விளிம்பும் கத்துகின்றன, பளபளப்பு ஏறிய உள்ளங்கை இடம் கத்தவில்லை. அதாவது அங்கே மேல்பரப்பு வழுவழுப்பாகியிருக்கிறதே தவிர படலம் போகவில்லை. எனக்கு இது பெரிய நிம்மதியைக் கொடுத்தது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். இரண்டு முள் சார்ஜர் போட்டிருக்கும்போது அலுமினிய மூடியில் விரலை மெதுவாக ஓட்டினால் ஒரு நடுக்கம் தெரிகிறது என்று பலர் சொல்வார்கள், ஷாக் அடிக்கிறது என்று பயப்படுவார்கள். நல்ல சார்ஜராக இருந்தால் அது மிகக் குறைந்த கசிவு மின்சாரம்தான், மெல்லிய ஆக்சைடு படலத்துக்கு இந்தப் பக்கம் விரலும் அந்தப் பக்கம் உலோகமும் இருப்பதால் அந்த உணர்வு வருகிறது. எர்த் உள்ள மூன்று முள் கேபிள் போட்டால் போய்விடும். படலம் தேய்ந்த விளிம்பில் மட்டும் சுருக்கென்று குத்துவதும் இதனால்தான்.

அண்ணனுடைய லேப்டாப்புக்கு வருகிறேன். வாங்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியாது. அதனுடைய மூடி வார்ப்பு உலோகம். வார்ப்புக்கு ஏற்ற அலுமினியக் கலவைகளில் சிலிக்கான் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அச்சில் நன்றாகப் பாயும், ஆனால் அனோடைஸ் செய்தால் திட்டுத்திட்டாகக் கறுத்துப்போகும், அதனால் பெயின்ட் அடிக்கிறார்கள். சில மாடல்களில் எடை குறைய மக்னீசியக் கலவை போடுகிறார்கள், அதன் ஆக்சைடு உலோகத்தை முழுவதும் மூடுவதற்கே பத்தாது, உப்பில் அலுமினியத்தைவிட மோசம். பெயின்ட் இருக்கிறவரை எல்லாம் சரிதான். ஆனால் மூலையில் எங்கோ இடித்து ஒரு சின்ன சில்லு பெயர்ந்தது, அதற்குப் பிறகு அந்த இடத்திலிருந்து பெயின்ட்டுக்கு அடியில் மண்புழு ஊர்ந்தது போல மெல்லிய கோடுகள் கிளம்பின. இழை அரிப்பு என்று சொல்லலாம். ஈரக்காற்றும் உப்பும் இருந்தால் பெயின்ட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவில் அது தன் போக்கில் வளரும், மேலே கொப்புளம் கிளம்பும், கொப்புளம் உடைந்தால் பெயின்ட் தோல் உரிவது போல வரும். அனோடைஸ் படலத்தில் இது நடக்க வழியே இல்லை, அது மேலே பூசியது இல்லை, உலோகமே மாறி உருவானது, உரிப்பதற்கு அங்கே தனியாக ஒரு தோல் கிடையாது. அண்ணன் லேப்டாப்பின் கீல் பக்கம் இப்போது பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது, உள்ளே மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் இன்னும் கஷ்டம்.

டேப்லெட் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. வெள்ளி நிறம், அதாவது சாயமே ஏற்றாத அனோடைசிங், உருண்ட விளிம்பு, வெளியே தெரிகிற ஸ்க்ரூ கிடையாது. பசங்க கையில் வருஷக்கணக்காகப் புரள்கிறது. மீட்டர் வைத்தால் ஓரிரு இடத்தில் கத்துகிறது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கீறல் விழுந்தாலும் அடியில் இருப்பதும் அதே நிறம்.

கலவை உலோகத்தின் எண்ணைப் பற்றிக் கொஞ்சம். விளம்பரத்தில் 6000 வரிசை, 7000 வரிசை என்று போடுவார்கள், பெரிய எண் என்றால் எல்லாவற்றிலும் மேல் என்று தோன்றும். 6000 வரிசையில் மக்னீசியமும் சிலிக்கானும் சேர்க்கிறார்கள், அரிப்பைத் தாங்குவதில் நல்ல பெயர், அனோடைசிங் அழகாகப் பிடிக்கும், நம் வீட்டு அலுமினிய ஜன்னல் சட்டங்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். 7000 வரிசையில் துத்தநாகம் சேர்வதால் வலிமை நிறைய, சுலபத்தில் வளையாது. 2014-இல் ஐஃபோன் 6 வளைகிறது என்ற பேச்சுக்குப் பிறகு 2015-இல் 6எஸ் மாடல் 7000 வரிசைக்கு மாறியது அதற்காகத்தான். ஆனால் அரிப்பு என்று மட்டும் பார்த்தால் 6000 வரிசைதான் பொதுவாகச் சாதுவானது. பைக்குள் போட்டு உட்கார்ந்து எழுகிற ஃபோனுக்கு வலிமை வேண்டும், மேஜை மேல் இருக்கிற லேப்டாப்புக்கு 6000 வரிசையே தாராளம். ஜன்னல் சட்டத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: கடலோரக் கட்டடங்களுக்கு 20, 25 மைக்ரான் படலம் கேட்பார்கள், கையில் வைத்திருக்கும் சாதனங்களில் பெரும்பாலும் 10 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் எவ்வளவு மெல்லிய சமாச்சாரத்தை நம்பி இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 10 மைக்ரானைக் காப்பாற்ற பெரிய செலவு ஒன்றும் இல்லை. ராத்திரி மூடும்போது லேசாக ஈரப்படுத்திய மைக்ரோஃபைபர் துணியால் உள்ளங்கை இடத்தையும் விளிம்பையும் ஒரு தடவை, பிறகு காய்ந்த துணியால் ஒரு தடவை, அவ்வளவுதான். ஈரத்துணி ஏன் என்றால் உப்பு தண்ணீரில்தான் கரையும், வெறும் காய்ந்த துணி உப்பை இடம் மாற்றும். ஐசோபிரொபைல் ஆல்கஹால் படலத்தை ஒன்றும் செய்யாது. பிளீச்சிங் கலந்த எதுவும் வேண்டவே வேண்டாம், அது காரமும் குளோரைடும் சேர்ந்தது. எலுமிச்சை, புளி, வினிகர் எல்லாம் பித்தளைக் குத்துவிளக்கோடு நிற்கட்டும். துணிக்குப் போடும் சோடா பக்கத்திலேயே வரக்கூடாது. வெற்றிலை போடுகிற பெரியவர்கள் இருக்கிற வீட்டில் சுண்ணாம்புக் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு கடுமையான காரம், ஒரு துளி காய்ந்தாலே அனோடைஸ் படலத்தை அரித்து மங்கலான வெள்ளைத் தழும்பு விட்டுவிடும், பிறகு எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. கட்டட வேலையில் சிமென்ட் பால் தெறித்த அலுமினிய ஜன்னலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு, அது பாதரசமும், கைச்சூட்டிலேயே உருகிவிடும் காலியம் என்ற உலோகமும். இரண்டும் ஆக்சைடு படலம் ஒட்டி நிற்க முடியாதபடி அடியில் இருக்கும் உலோகத்தையே கெடுத்துவிடும், அலுமினியம் கண் முன்னால் உதிரும். பாதரச வெப்பமானியை விமானத்தில் அனுமதிக்க யோசிப்பதற்கு இதுதான் காரணம். ப்ராசசர் சூடு குறைய லிக்விட் மெட்டல் போடுகிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள், அதில் இருப்பது காலியம், ஹீட் சிங்க் அலுமினியமாக இருந்தால் தீர்ந்தது கதை. செம்பு அல்லது நிக்கல் பூசியது என்று உறுதியாகத் தெரியாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அப்புறம் அந்த பிளாஸ்டிக் கிளிப் கவர்கள். லேப்டாப்பைக் காப்பாற்றுவதற்கென்று வாங்கிப் போடுகிறோம், ஆனால் கடலோரத்தில் அது எதிர்வேலை செய்கிறது. கவருக்கும் உலோகத்துக்கும் நடுவில் நூலளவு இடுக்கு, அதற்குள் தூசி, உப்பு, ஈரம் மூன்றும் போய் உட்கார்ந்தால் காயவே காயாது. அங்கே ஆக்சிஜனும் குறைவு, படலம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள அது இல்லாமல் முடியாது. கவர் வேண்டும் என்றால் வாரம் ஒரு தடவையாவது கழற்றித் துடையுங்கள். மழைக்காலத்தில் ஸ்பாஞ்ச் உறைக்குள் ஈரத்தோடு போட்டு வைப்பதும் இதே கேடுதான், உறைக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவிடுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சார்ஜருக்குள் இருக்கும் உருளை வடிவ கெபாசிட்டர்கள் வேலை செய்வதும் இதே அலுமினிய ஆக்சைடை வைத்துத்தான். அங்கே அதை ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஏறக்குறைய 1.4 நானோமீட்டர் என்ற கணக்கில் அளந்து வளர்க்கிறார்கள், நூற்றுக்கணக்கான வோல்ட்டை அந்த மெல்லிய படலம் தடுத்து நிறுத்துகிறது. வெளியே பாடியைக் காப்பதும் உள்ளே மின்சாரத்தைத் தடுப்பதும் ஒரே பொருள்.

கடைக்குப் போகிறவர்கள் இதை மட்டும் கேளுங்கள், பாருங்கள். பாடி அனோடைஸ் செய்ததா, பெயின்ட்டா என்று கேளுங்கள், கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கம்பெனி இணையதளத்தில் மாடல் விவரத்தில் பாருங்கள். டெமோ பீஸ்தான் உங்களுக்குச் சரியான சாட்சி, பல மாதம் பல கை பட்டது அது: அதன் யூஎஸ்பி துளை உதட்டையும், முன் விளிம்பையும், கீல் பக்கத்தையும் ஃபோன் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். பெயின்ட் என்றால் சில்லு பெயர்ந்த இடத்தில் ஒரு படி தெரியும், நகம் தட்டும். அனோடைஸ் என்றால் நிறம் மட்டும் போயிருக்கும், நகத்துக்குப் படி எதுவும் தட்டுப்படாது. நிறத்தில் வெள்ளி கிடைத்தால் வெள்ளி, இல்லையென்றால் வெளிர் நிறம் எதுவானாலும் சரி. வாரண்டி அட்டையையும் படித்துவிடுங்கள், கீறல், நிறம் போவது போன்ற தோற்றக் குறைகள் பெரும்பாலும் அதில் சேர்வதில்லை. பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் ஒரு வேலை கூடுதலாகச் செய்யுங்கள்: அடிப்பக்கத்து ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளை வளையம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த மெஷின் எந்த ஊரில் இருந்தது என்று விற்கிறவரிடம் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.